அவள் ஏன் கிளம்பவில்லை, ஏன் திரும்பிப் போனாள், ஏன் திருப்பி அடித்தாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்களுக்கான ஆலோசனை மையம் ஒன்றில் வேலை செய்கிறேன். அடிபட்டு வரும் பெண்ணிடம் பேசுவதைவிட, அவளைக் கூட்டிக்கொண்டு வரும் அக்கா, அம்மா, வீட்டு ஓனர், சில நேரம் ஏட்டம்மா, இவர்களுக்குப் பதில் சொல்லத்தான் அதிக நேரம் ஆகிறது. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பகுதி கணவன் மனைவிக்குள் நடக்கும் வன்முறை பற்றியது. மாமியாரும் வருவார், பிள்ளைகளும் வருவார்கள்.

இந்தப் பெண்களின் மனசு ஏதோ கோணலாக வேலை செய்கிறது என்ற எண்ணத்தோடுதான் பலரும் கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் செய்வது நம் கண்ணுக்குத் தெரிகிறது, அவன் செய்வது தெரிவதில்லை. அதனால்தான் அவள் செய்வது வினோதமாகப் படுகிறது.

1. குடும்ப வன்முறைன்னா கை நீட்டி அடிக்கிறதுதானே? இவரு ஒரு நாளும் அடிச்சதில்லையே?

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடல்ரீதியான கொடுமை, பாலியல் கொடுமை, பேச்சாலும் மனரீதியாகவும் செய்யும் கொடுமை, பொருளாதாரக் கொடுமை என்று நான்கையும் அது வன்முறையாகவே சொல்கிறது. சம்பளம் ஏறும் ஏடிஎம் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வதும், கேட்காமல் நகையை அடகு வைப்பதும் நான்காவதில் வரும்.

அடி விழாத வீட்டிலும் இப்படி நடக்கும். அம்மாவுக்குப் போன் போட்டால் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். காய்கறி வாங்கி வந்தால் பில்லையும் மிச்சச் சில்லறையையும் மேசைமேல் வைக்க வேண்டும். பஸ் பத்து நிமிடம் தாமதமானால் வீடியோ காலில் ஜன்னலுக்கு வெளியே தெரியும் ரோட்டைக் காட்ட வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன விஷயம், போலீஸில் சொன்னால் சிரிப்பார்கள். எல்லாம் சேர்ந்தால் அவளுக்கென்று ஒரு நிமிடம்கூட மிஞ்சாது. அமெரிக்கச் சமூகவியலாளர் இவான் ஸ்டார்க் 2007இல் இதைத்தான் விரிவாக எழுதினார்: இது சண்டை இல்லை, ஆளைக் கட்டுக்குள் வைக்கும் ஏற்பாடு, அடி அதில் ஒரு கருவி மட்டுமே. இங்கிலாந்து 2015இல் இதைத் தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டது. ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

2. இவ்வளவு அடி வாங்கிட்டு ஏன் இன்னும் அங்கேயே இருக்கா? நானா இருந்தா அன்னைக்கே கிளம்பியிருப்பேன்.

எங்கே கிளம்புவீர்கள்? இது குதர்க்கம் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன். தனியாக வரும் பெண்ணுக்கு வாடகை வீடு கிடைக்குமா, அட்வான்ஸ் யார் தருவார்கள், பிள்ளையின் டி.சி.யை யார் வாங்குவது, தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில் அக்கா வீட்டோடு வந்துவிட்டால் என்ன பேசுவார்கள். அந்தப் பெண் இதையெல்லாம் ஒரு தடவை இல்லை, தினமும் ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறாள். நீங்கள் கேட்கும் நாளில் அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கிளம்புவதுதான் ஆபத்தான கட்டம். மனைவியைக் கொன்ற ஆண்களைப் பற்றிய ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அவள் பிரிந்து போனபோது, அல்லது போகப்போகிறேன் என்று சொன்னபோது ஆபத்து கூடுகிறது என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. அமெரிக்கச் செவிலியரும் ஆய்வாளருமான ஜாக்குலின் கேம்ப்பெல் 1980களில் உருவாக்கிய ஆபத்துக் கணிப்புப் பட்டியலிலும் பிரிவு ஒரு கேள்வியாக இருக்கிறது. கழுத்தை நெரித்திருக்கிறானா என்பது இன்னொன்று. தடமே இல்லாமல் போனாலும், கழுத்தில் கை வைத்தவன் கொலை வரை போகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். 'கொன்னுடுவேன்னு சொல்றாரு' என்று ஒரு பெண் பயந்தால் அது கற்பனை என்று ஒதுக்காதீர்கள். அவனை உங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

3. மனசளவுல அவளுக்கு என்னதான் ஆகுது? மரத்துப் போயிடுமா?

1967இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் நாய்களை வைத்துச் செய்த சோதனை பிரபலமானது. என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின் அதிர்ச்சியைப் பட்ட நாய்கள், பிறகு ஒரு குட்டைத் தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற நிலை வந்தபோதும் தாண்டாமல் படுத்துக் கிடந்தன. 'என்ன செய்தும் பயனில்லை' என்பதை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று இருவரும் விளக்கினார்கள். லெனோர் வாக்கர் என்ற உளவியலாளர் 1979இல் இதை அடிபடும் மனைவிகளுக்குப் பொருத்திச் சொன்னார். எந்த முயற்சியும் பலிக்காதபோது முயற்சியே நின்றுவிடுகிறது என்பது அவர் வாதம்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாதிதான் உண்மை. டெக்சாஸ் மாநிலத்தின் காப்பகங்களுக்கு வந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை கோண்டோல்ஃப், ஃபிஷர் இருவரும் ஆராய்ந்து 1988இல் எழுதினார்கள். அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. அடி கூடக் கூட உதவி கேட்பதும் கூடியிருந்தது. போலீஸ், உறவினர், டாக்டர் என்று தட்டியிருக்கிறார்கள், கதவுதான் திறக்கவில்லை. நான் பார்க்கும் பெண்களும் இப்படித்தான். 'மரத்துப் போச்சு' என்று ஊர் சொல்லும் பெண் இதற்கு முன் அம்மாவிடமும் பெரியப்பாவிடமும் கோயில் தர்மகர்த்தாவிடமும் சொல்லி முடித்திருப்பாள். எல்லோரும் 'கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா' என்றிருப்பார்கள்.

இதில் சுவையான திருப்பம் ஒன்று உண்டு. மேயரும் செலிக்மனும் 2016இல் தங்கள் கருத்தையே தலைகீழாகத் திருத்தினார்கள். நீண்ட துன்பத்தில் அசையாமல் கிடப்பது கற்றுக்கொள்வது இல்லை, அதுதான் இயல்பான எதிர்வினை. 'இது என் கையில் இருக்கிறது' என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது. எங்கள் வேலைக்கு இது மிகவும் உதவியது. வந்தவளுக்காக நாமே முடிவெடுத்து, நாமே மனு எழுதி, நாமே பேசிவிட்டால் அவள் எதையும் கற்கவில்லை. அவன் வீட்டில் நடந்ததே இங்கும் மரியாதையாக நடக்கிறது. அதனால் இப்போது நாற்காலியில் எங்கே உட்கார வேண்டும் என்பதிலிருந்து அவளையே சொல்லச் சொல்கிறோம். சொந்தப் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, தானே தேர்ந்தெடுத்த ஒரு தையல் வகுப்பு, இவை பத்து அறிவுரை செய்யாததைச் செய்கின்றன.

4. அவர் நல்லவர்தான் மேடம், கோபம் வந்தா மட்டும்தான். அப்புறம் அழுது கால்ல விழுறாரு. அதை எப்படி நம்பாம இருக்கிறது?

இது பாதிக்கப்பட்ட பெண்களே கேட்கும் கேள்வி. அவன் அழுவது நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன், பல நேரம் நிஜமாகவே அழுகிறான். வாக்கர் சொன்ன சுழற்சி இதுதான்: முதலில் வீட்டில் புழுக்கம் ஏறும், எதற்கெடுத்தாலும் குத்தல். அடுத்து அடி. பிறகு மன்னிப்பு, மல்லிகைப்பூ, பிரியாணி, ஒரு நாள் வேளாங்கண்ணிப் பயணம். எல்லா வீட்டிலும் இந்த வரிசை அப்படியே வராது. பல வீடுகளில் வருஷம் போகப் போகப் பூவும் பிரியாணியும் நின்றுபோகும்.

கனடாவின் டோனல்ட் டட்டன், சூசன் பெயின்ட்டர் இருவரும் கணவனை விட்டு வந்த பெண்களிடம் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்று தெரிந்தது. எப்போதும் கெட்டவனாக இருந்தவனைவிட, நல்லதும் கெட்டதுமாக மாறி மாறி இருந்தவன்மேல்தான் பிடிப்பு அதிகம். லாட்டரிச் சீட்டு தினமும் விழுந்தால் அலுத்துவிடும், எப்போதாவது விழுந்தால்தான் விடாமல் வாங்கத் தோன்றும். அடித்தவன் கையே கண்ணைத் துடைக்கும்போது அந்த ஆறுதல் வேறு எங்கும் கிடைக்காத ஆறுதலாகத் தெரிகிறது, ஏனென்றால் மற்றவர்களையெல்லாம் அவன் ஏற்கெனவே வெட்டிவிட்டான் (முதல் கேள்வியின் பதிலைப் பாருங்கள்). இந்தப் பிடிப்பை 'அவளுக்கு அதுதான் பிடிச்சிருக்கு' என்று சொல்பவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

5. குடிதான் காரணம். குடியை நிறுத்தினா சரியாயிடும்ல?

குடிக்கும் அடிக்கும் தொடர்பு பலமானது. தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றில், அடிக்கடி போதையேறக் குடிக்கும் கணவர்களின் மனைவிகளில் சுமார் 70 சதவீதம் பேர் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சொன்னார்கள். குடிக்காதவர்களின் மனைவிகளில் அது சுமார் 23 சதவீதம். குடியை நிறுத்த வைப்பது நல்ல காரியம், சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த 23ஐயும் பாருங்கள். அவர்கள் குடிக்காமலே அடிக்கிறார்கள். போதையில் இருப்பவனும் டாஸ்மாக் வாசலில் நிற்கும் போலீஸ்காரரை அடிப்பதில்லை, மேஸ்திரியை அடிப்பதில்லை. தள்ளாடிக்கொண்டே வீடு வரை வந்து, கதவைச் சாத்திவிட்டு, வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அடிக்கிறான். யாரை அடிக்கலாம் என்ற தெளிவு எந்தப் போதையிலும் போவதில்லை.

6. நாங்க சி.எஸ்.ஆர். (புகார் வந்ததுக்கான ரசீது) போட்டுக் கூப்பிட்டு விசாரிச்சா, மறுநாளே வந்து 'சமாதானமாப் போறோம்'னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடுறாங்க. எங்க நேரம்தான் வீண்.

இது காவல் நிலையத்தில் இருப்பவர்கள் அலுப்போடு கேட்பது. தமிழ்நாட்டில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கியது, அதற்குப் பிறகு மாவட்டம்தோறும் வந்துவிட்டது. வழி இருக்கிறது. ஆனாலும் தேசிய ஆய்வுப்படி வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் சுமார் 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் வாய் திறக்கவும் இல்லை. உங்கள் மேசை முன்னால் வந்து நின்றவள் அந்தச் சிறு கூட்டத்தில் ஒருத்தி.

வாபஸ் வாங்குவது பெரும்பாலும் வீட்டில் நடக்கும் பேரத்தின் முடிவு. 'ஜெயிலுக்குப் போனா வேலை போயிடும், அப்புறம் பிள்ளைங்களுக்கு யார் சோறு போடுவா' என்று மாமனார் கேட்டிருப்பார். அல்லது புகார் கொடுத்ததே அவனை நிறுத்துவதற்காக, உள்ளே தள்ளுவதற்காக இல்லை. இரண்டு மாதம் அடி நின்றால் அவள் கணக்கில் அந்தப் புகார் வேலை செய்துவிட்டது. இன்னொரு தடவை வந்தால் 'போன வாரம்தானே போன' என்று கேட்காதீர்கள். பல பெண்கள் நாலைந்து முறை போய் வந்த பிறகுதான் நிரந்தரமாகக் கிளம்புகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றைத் தெரிந்துகொண்டுதான் திரும்புகிறாள்.

7. கேட்டா ஒரு நாள் ஒண்ணு சொல்றா, மறுநாள் வேற சொல்றா. சிரிக்கக்கூட செய்யுறா. பொய்னுதானே தோணும்?

பயத்தின் உச்சத்தில் மூளை நிகழ்ச்சியை வரிசையாக எழுதி வைப்பதில்லை. சில துண்டுகள் ஆணி அடித்த மாதிரி நிற்கும்: மிக்ஸி ஓடிக்கொண்டிருந்த சத்தம், அவன் வாட்ச் பட்டை. தேதியும் முன்பின்னும் கலைந்துவிடும். கழுத்தை நெரித்திருந்தால் மூச்சு முட்டியதில் நினைவிலேயே ஓட்டை விழுந்திருக்கலாம். அதோடு, வருஷம் முழுக்க நடந்த ஒன்றுக்குத் தேதி கேட்டால் யாருக்குமே குழம்பும். சிரிப்பைப் பற்றிக் கேட்டால், அழுதால் அடி கூடும் வீட்டில் இருந்து வந்தவள் அவள்.

பொய்ப் புகாரே கிடையாதா என்று கேட்டால், எல்லாச் சட்டத்திலும் உண்டு, இதிலும் உண்டு. அதற்காகத்தான் உச்ச நீதிமன்றம் 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில், மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான 498ஏ பிரிவுப் புகார்களில் விசாரிக்காமல் உடனே கைது செய்யக் கூடாது என்றது. ஆனால் தண்டனையில் முடியாத வழக்கெல்லாம் பொய் வழக்கு என்று சொல்பவர்கள் 6ஆம் கேள்வியின் பதிலை இன்னொரு தரம் படிக்கட்டும்.

8. பொண்ணுங்களும்தான் அடிக்கிறாங்க. ஆம்பளைங்க படுறதை யாருமே பேசறதில்லையே?

அடிபடும் ஆண்கள் இருக்கிறார்கள். வெட்கத்தில் சொல்லாமல் இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்யக் கூடாது. இது ஆராய்ச்சியிலும் பெரிய சண்டை. அமெரிக்கச் சமூகவியலாளர் மரே ஸ்ட்ராஸ் 1979இல் கொண்டுவந்த, வீட்டுச் சண்டையில் யார் என்னென்ன செய்தார்கள் என்று எண்ணும் அளவுகோலை வைத்து அமெரிக்க வீடுகளில் கேட்டபோது, ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே அளவில் அடிப்பதாகப் பதில் வந்தது. காப்பகங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்தவர்கள் 'நாங்கள் பார்ப்பது அது இல்லையே' என்றார்கள். 1995இல் மைக்கேல் ஜான்சன் என்ற சமூகவியலாளர், இரண்டு தரப்பும் வேறு வேறு வன்முறையைப் பார்க்கிறீர்கள் என்று சொல்லி முடிச்சை ஓரளவு அவிழ்த்தார். வாக்குவாதம் முற்றித் தள்ளுமுள்ளாவது ஒரு வகை, அதில் இரண்டு பேரும் உண்டு. ஒருவர் மற்றவரைப் பயத்திலேயே வைத்திருப்பது இன்னொரு வகை. அதைச் செய்வது பெரும்பாலும் ஆண்தான். அந்த இரண்டாவது வகையில் மாட்டியவள் திருப்பி அடிப்பதும் உண்டு, அதையும் எண்ணிக்கையில் ஒன்றாகச் சேர்த்தால் படம் கலங்கிவிடும்.

இந்தியாவில், கணவன் அடிக்காதபோது தானாகக் கை நீட்டியதாகத் தேசிய ஆய்வில் சொன்ன மனைவிகள் சுமார் 4 சதவீதம். என்னிடம் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது 'யார் அடிச்சீங்க' என்பது இல்லை. 'வீட்டுக்குள்ள சாவி போடுற சத்தம் கேட்டா உங்க ரெண்டு பேர்ல யாருக்கு வயிறு கலங்கும்' என்று கேட்பேன்.

9. மாமியாரும் ஒரு பொண்ணுதானே? மருமகளை இப்படிப் படுத்த எப்படி மனசு வருது?

துருக்கியச் சமூகவியலாளர் டெனிஸ் காண்டியோட்டி 1988இல் எழுதியது இங்கே அச்சாகப் பொருந்தும். ஆண்கள் கையில் சொத்தும் அதிகாரமும் இருக்கும் குடும்பத்தில், பெண் தனக்குக் கிடைக்கும் இடத்துக்காகப் பேரம் பேசி வாழ்கிறாள். இளமையில் மருமகளாகப் பணிந்து கிடந்ததற்கு, மகன் வளர்ந்தபின் மாமியாராகக் கூலி வரும் என்பதே அந்தப் பேரம். மகன்தான் அவள் ஓய்வூதியம். புதிதாக ஒருத்தி வந்து அந்த மகனின் மனசில் இடம் பிடித்தால், தான் இத்தனை வருஷம் பட்டதற்குக் கிடைக்க வேண்டியது பறிபோவதாகத் தெரிகிறது. இது நியாயப்படுத்தல் இல்லை. கெரசின் ஊற்றும் கைக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது என்கிறேன்.

குடும்ப வன்முறைச் சட்டத்தில் எதிர்மனுதாரர் 'வயது வந்த ஆண்' என்று முதலில் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2016இல் அந்தச் சொற்களை நீக்கிவிட்டது, எனவே மாமியார், நாத்தனார் மேலும் நேரடியாக மனு போடலாம்.

10. அம்மா அடி வாங்குறதைப் பார்த்து வளர்ந்த பொண்ணு அதே மாதிரிதான் மாட்டுவாளா?

வாய்ப்பு கூடுகிறது, ஆனால் விதி இல்லை. அப்படி வளர்ந்த சில பெண்களுக்கு என்ன ஆகிறது என்றால், எது ஆபத்தின் முதல் அறிகுறி என்பது மங்கிவிடுகிறது. கல்யாணம் பேசும்போதே 'அந்தப் பையன்கிட்ட ஏன் பேசின' என்று கேட்பவனை அக்கறை உள்ளவன் என்று நினைத்துவிடுகிறாள். அடிபடும் அம்மா சில நேரம் பிள்ளையை அடிப்பதும் உண்டு. அதில் ஒரு பகுதி, அவன் வருவதற்குள் பிள்ளையை அடக்கிவிட வேண்டும் என்ற பயம். பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அதனால் அதையும் பேசித்தான் ஆக வேண்டும்.

11. பத்து வருஷம் பொறுத்தவ, அவன் தூங்கும்போது கொன்னுட்டா. அந்த நேரத்துல ஆபத்து இல்லையே, அது எப்படி ஆத்திரம் ஆகும்?

இதற்கு உலகம் அறிந்த வழக்கு கிரண்ஜித் அலுவாலியாவினுடையது. பஞ்சாபில் பிறந்து, 1979இல் கல்யாணமாகி இங்கிலாந்து போனவர். பத்து வருஷக் கொடுமைக்குப் பிறகு 1989 மே மாதம் ஒரு இரவு, கணவன் இஸ்திரிப் பெட்டியால் முகத்தைச் சுடுவதாக மிரட்டிவிட்டுத் தூங்கப் போனான். அவர் அவனைத் தீயிட்டார், அவன் சில நாளில் இறந்தான். அந்த ஆண்டு டிசம்பரில் ஆயுள் தண்டனை. அங்கே அப்போதிருந்த சட்டம், 1949ஆம் ஆண்டின் டஃபி வழக்கைப் பின்பற்றி, 'திடீரென்று' நிலை தடுமாறியிருந்தால்தான், கொலைக் குற்றத்தைக் குறைக்கும் காரணமாக ஆத்திரமூட்டலை ஏற்கும். இடையில் நேரம் ஓடிவிட்டால் அது பழிவாங்கல்.

சவுத்ஆல் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பு அந்தச் சட்டத்தையே கேள்வி கேட்டது. ஆணுக்குக் கோபம் வந்த நிமிடத்திலேயே கை ஓங்க முடிகிறது, ஏனென்றால் அவன் ஜெயிப்பான். தன்னைவிடப் பலசாலியான ஒருவனை அவன் விழித்திருக்கும்போது எதிர்த்தால் என்ன ஆகும் என்பது அவளுக்கு உடம்பால் தெரியும். பயமும் கோபமும் அவளுக்குள் மெல்லக் கொதித்துத்தான் ஏறுகின்றன. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நேரம் கடந்ததாலேயே ஆத்திரமூட்டல் இல்லை என்று ஆகிவிடாது என்றது. ஆனால் தண்டனையை ரத்து செய்தது வேறு காரணத்துக்காக: அவருக்குக் கடும் மனச்சோர்வு இருந்ததற்கான மருத்துவச் சான்று முதல் விசாரணையில் வைக்கப்படவே இல்லை. மறுவிசாரணையில் கொலையாகாத மரணம் (கொலையைவிடக் குறைந்த குற்றம்) என்று முடிந்து, ஏற்கெனவே இருந்த சிறைக்காலமே தண்டனையாகி வெளியே வந்தார். 'திடீரென்று' என்ற நிபந்தனையைப் பிறகு 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில் இங்கிலாந்து எடுத்தேவிட்டது.

12. அப்போ 'அடிபட்ட பெண் நோய்க்குறி'ன்னு ஒரு டாக்டர் சர்ட்டிஃபிகேட் வாங்கினா கொலைக்கும் தண்டனை கிடையாதா?

கிடையவே கிடையாது. இந்தப் பெயரும் வாக்கர் வைத்ததுதான். மருத்துவ அகராதியில் தனி நோயாக இது இல்லை. நீதிமன்றத்தில், அந்தப் பெண் ஏன் அப்படிப் பயந்தாள் என்று புரிய வைக்கும் சாட்சியமாக மட்டும் பயன்படும். எனக்கு இந்தப் பெயரோடு ஒரு மனத்தாங்கல் உண்டு. நோய் என்றதும், பயந்து ஒடுங்கிக் கண்ணீர் விடுபவள்தான் உண்மையாகப் பாதிக்கப்பட்டவள் என்று ஆகிவிடுகிறது. வேலைக்குப் போகிறவள், எதிர்த்துப் பேசியவள், ஒரு தடவை திருப்பி அறைந்தவள், இவர்களையெல்லாம் 'இவளைப் பார்த்தா அப்படித் தெரியலையே' என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

நம் நாட்டில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று தற்காப்புரிமை. 2012இல் மதுரையில், குடித்துவிட்டு வந்த கணவனிடமிருந்து மகளைக் காப்பாற்ற ஒரு பெண் கிரிக்கெட் மட்டையால் அடித்ததில் அவன் இறந்தான். அப்போதைய எஸ்.பி. அஸ்ரா கார்க் அதைத் தற்காப்பு என்று பார்த்து, இந்திய தண்டனைச் சட்டத்தின் 100ஆவது பிரிவின்படி அவரை விடுவித்தார். இன்னொன்று, கடுமையான திடீர் ஆத்திரமூட்டல் என்ற விதிவிலக்கு. அதே சட்டத்தின் 300ஆவது பிரிவில் இருந்தது, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆவது பிரிவில் இருக்கிறது. 'திடீர்' என்ற சொல் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கிலேயே, முன்னால் நடந்தவை ஏற்படுத்திய மனநிலையையும் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2013இல் கௌஹாத்தி உயர் நீதிமன்றம் மஞ்சு லக்ரா வழக்கில், தொடர்ந்து அடித்த கணவன் இறந்ததைக் கொலையாகாத மரணமாகக் குறைத்தபோது நீண்டகாலக் கொடுமையின் மனநிலையை விரிவாகப் பேசியது. குறைப்புதான், விடுதலை இல்லை.

13. தன் பிள்ளைகளையே கூட்டிக்கிட்டுக் கிணத்துல குதிக்கிறாளே, அவளும் ஒரு தாயா?

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய பெயரே இருக்கிறது, நல்லதங்காள். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு வந்து, அண்ணி மூளி அலங்காரியின் கொடுமையில் பிள்ளைகளோடு மாண்டுபோனவள். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் உண்டு. கும்பிடுகிறோம், ஆனால் அதே காரியத்தைச் செய்து பிழைத்துக்கொண்டவளைக் கொலைகாரி என்கிறோம். சென்னை உயர் நீதிமன்றம் 1989இல் சுயம்புக்கனி வழக்கில் அந்தப் பெயரையே எடுத்து 'நல்லதங்காள் நோய்க்குறி' என்றது. ஒரே நாளில் நடந்த ஆத்திரமூட்டல் இல்லை, நீடித்த ஆத்திரமூட்டல் என்று கொண்டு, கொலைக் குற்றத்தைக் குறைத்தது.

அந்த நிலையில் இருக்கும் தாய் பிள்ளைகளை வெறுப்பதில்லை. 'நான் போயிட்டா இதுங்களை யார் பார்ப்பா, அந்த ஆள்கிட்டயா விட்டுட்டுப் போறது' என்று அவர்களையும் தன் உடம்பின் ஒரு பகுதியாகவே நினைக்கிறாள். கடும் மனச்சோர்வு வேறு எந்த வழியையும் கண்ணில் காட்டாமல் மறைத்துவிடுகிறது. இது குணமாகக்கூடிய நிலை, சிகிச்சையில் தெளிந்து வந்த தாய்மார்கள் இருக்கிறார்கள். 'நானும் பிள்ளைங்களும் இல்லாமப் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி' என்ற பேச்சு ஒரு தடவை வந்தாலும் விளையாட்டாக எடுக்காதீர்கள். அன்று இரவு அவளைத் தனியாக விடாமல், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசுங்கள், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். உங்களுக்கே அப்படித் தோன்றினாலும் அதே எண்தான்.

14. எல்லாம் சொல்லிப் பார்த்தாச்சு மேடம். எங்க வீட்டுக்கே கூட்டிட்டு வந்தேன். பத்தே நாள்ல திரும்ப அவன்கிட்டயே போயிட்டா. இனிமே நான் ஒதுங்கிடலாமா?

உங்கள் கோபம் நியாயமானது, அதை என்னிடம் கொட்டுங்கள். அவளிடம் 'இனி என் வாசல்ல கால் வைக்காதே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் இத்தனை வருஷம் முயற்சி செய்து முடியாததை நீங்கள் ஒரே வாக்கியத்தில் முடித்துக் கொடுத்ததாக ஆகும். மாதம் ஒரு தடவை சாதாரணமாகப் போன் பண்ணுங்கள். சீரியல், பிள்ளை பரீட்சை, எதையாவது பேசுங்கள். பக்கத்தில் அவன் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். ஆபத்து என்றால் சொல்ல ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த இரண்டு அக்கா தங்கைகளுக்கு அது 'இட்லி மாவு இருக்கா?'

ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்புக், நகை ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டுகள் எல்லாவற்றின் ஜெராக்ஸையும் உங்கள் வீட்டில் வைத்திருங்கள். காயத்தின் போட்டோ இருந்தால் அதை அவள் போனில் வைக்காமல் உங்களுக்கு அனுப்பிவிட்டு அழிக்கச் சொல்லுங்கள். அவள் போனின் லொகேஷன் அவனுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள், ஆனால் அதை அணைப்பது கிளம்பும் நாளில்தான். முன்னாலேயே அணைத்தால் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும், அந்தக் கட்டம் ஏன் ஆபத்து என்று 2ஆம் கேள்வியில் சொல்லியிருக்கிறேன். கிளம்பித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, வீடு அவள் பெயரில் இல்லாவிட்டாலும் அங்கே குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. அவனை வெளியேறச் சொல்லி நீதிமன்றமே உத்தரவிடவும் முடியும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் அந்த மனுவை எழுத உதவுவார், கட்டணம் இல்லை. பெண்களுக்கான உதவி எண் 181, ராத்திரியும் எடுப்பார்கள். அவளுக்குப் பேச முடியாவிட்டால் நீங்கள் பேசலாம்.